அன்றைக்கு மேகம்

அண்ணா,

நான் கட்டியிருக்கும் புடவையில் உன் வாசனை அடிக்கிறது. பயந்துவிடாதே, நல்ல புத்தியோடுதான் எழுதுகிறேன். நீ லீவில் வரும்போதெல்லாம் உன் பையைத் திறந்ததும் ஒரு வாசனை வருமே, மண்ணெண்ணெய் எரிந்த மாதிரி, எத்தனை சோப்பு போட்டாலும் உன் சட்டையை விட்டுப் போகாதே, அதுதான். இன்று மத்தியானம் எங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு ஹெலிகாப்டர் இறங்கி ஏறியது. அது கிளப்பிய காற்றோடு அந்த வாசனையும் வந்து என் மேல் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஆகிறது, புடவையை மாற்றத் தோன்றவில்லை. தாளை மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். இல்லாவிட்டால் நீ, "சத்துணவு அமைப்பாளரம்மா கையெழுத்தா இது, கோழி கெளறுனதா?" என்று கேட்பாய்.

நீ பொய்யன் என்று ஊரைக் கூட்டிச் சொன்னவள் நான். அதுவும் என் வீட்டுக்காரரின் காரியத்தன்று, பந்தலில் இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது. நீ எவ்வளவு பெரிய பொய்யன் என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல உன்னைத் தவிர வேறு ஆள் இல்லை. நீயோ போன தை மாசமே போய்விட்டாய்.

நம் ஊரிலிருந்து விமானப் படைக்குப் போன முதல் ஆள் நீ. ஊரில் யாருக்கும் அது என்ன வேலை என்று விளங்கவில்லை. நீ விமானம் ஓட்டுகிறாய் என்றே எல்லாரும் நினைத்தார்கள். மலைக்கு மேலே எந்த விமானம் போனாலும் நம் பெரியம்மா கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுவாள். அடிவாரத்து ஒடுகத்தூர் டீக்கடையில் ஒருத்தர், "இன்னா ஸ்பீடுல ஓட்டுவீங்க?" என்று உன்னிடம் மரியாதையாகக் கேட்டார். "நான் ஒண்ணையும் ஓட்டலீங்க. ஹெலிகாப்டருக்கு நட்டு முடுக்குறேன்" என்றாய். அவர் முகம் தொங்கிப் போனது. உனக்குப் பெண் கொடுக்க ஆலங்காயத்திலிருந்து வந்தவர்களும் இதைக் கேட்டுத்தான் பஜ்ஜியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். நீ மிச்ச பஜ்ஜியை எடுத்துத் தின்றாய். கடைசிவரை கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை.

என் வீட்டுக்காரருக்கு உன்னைச் சீண்டாவிட்டால் சோறு இறங்காது. ஒரு லீவில் சாமைக் கொல்லையில் பரண் மேல் உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தீர்கள் இருவரும். நான் கூழ் கொண்டு வந்தேன். "ஏன் மச்சான், சண்டை வந்தா சரி. சண்டையே இல்லாத நாள்ல ஒங்க ஏர்ஃபோர்ஸுக்கு இன்னா வேலை? சம்பளம் வாங்கிக்கினு தூங்குவீங்களா?" என்று அவர் கேட்டார். நீ கோபப்படவில்லை. "நீ ராவெல்லாம் பரண்ல குந்திக்கினு இருக்கியே, பன்னி வந்துச்சா?" என்றாய். "இல்ல." "அப்போ நீ ஒண்ணுமே பண்ணலையா?" அவர் சிரித்துவிட்டார்.

அப்புறம் நீயே தொடர்ந்து பேசினாய். நீ இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. தரைப்படைக்காரன் ஒரு இடத்தைப் பிடித்தால் அங்கே நிற்கலாம், கொடி நடலாம். ஆகாயத்தை யாரும் பிடித்து வைக்க முடியாது. அங்கே காவல் இருக்கிறது என்று எதிராளிக்குத் தெரிய வேண்டும், அது முதல் வேலை. தெரிந்தும் வந்தால் அடிக்க வேண்டும். பனிமலையில் இருக்கும் சிப்பாய்க்கு அரிசியும் குண்டும் கொண்டு போக வேண்டும், அடிபட்டவனைத் தூக்கி வர வேண்டும், வெள்ளம் வந்தால் கூரைமேல் ஏறி நிற்கிறவர்களை எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "மொத்தத்துல எங்க வேலை போய்ச் சேர்றது. எவனும் போக முடியாத எடத்துக்கு, நேரத்துல போய்ச் சேரணும். அவ்ளோதான் ஏர்ஃபோர்ஸ்" என்றாய். அந்தப் பேச்சை என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மச்சான்மேல் அவ்வளவு பெருமை.

பிறகு அந்தக் கார்த்திகை வந்தது. புயல் கரையைக் கடந்து நம் மலைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒடுகத்தூர் பாதையில் மண் சரிந்து, காட்டாறு தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போனது. மாடு கத்துகிறதே என்று கொட்டகைக்குப் போனவர்மேல் பலாமரம் சாய்ந்தது. மரத்தைப் புரட்டி எடுத்தபோது அவருக்கு நினைவு இருந்தது. இடுப்புக்குக் கீழே பார்க்க முடியவில்லை. நான் மேற்குப் பாறைக்கு ஓடினேன். அங்கே நின்றால்தான் போன் கிடைக்கும். உனக்குப் பண்ணினேன். நீ வேலை செய்யும் ஹெலிகாப்டரை நீயே ஓட்டி வந்துவிடுவாய் என்று அப்போதும் எனக்குள் ஒரு மடத்தனம் இருந்தது.

மறுநாள் மத்தியானம் மழை விட்டது. பாறையிலேயே நின்றுகொண்டிருந்த எனக்கு உன் போன் வந்தது. "பாப்பா, கலெக்டர் ஆபீஸ்லேருந்து கேட்டுட்டாங்க. எங்க ஆளுங்க கெளம்பிட்டாங்க. நம்ம கதிரடிக்கற களத்துல எறங்கும். எடத்த..." என்றாய். அதற்குள் லைன் போய்விட்டது. அந்த வாக்கியத்தின் மீதி என்ன என்று இத்தனை வருஷம் நான் யோசித்ததே இல்லை. இன்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நான் ஊருக்குள் ஓடி வந்து சொன்னேன். எல்லாருக்கும் சந்தோஷம். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினோம். அண்ணா, நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். அம்மன் ஊர்வலம் வரும்போது வீட்டுக்கு ஒரு புதுத்துணி எடுத்து வழியில் விரிப்போம். சாமி தூக்குகிறவர்கள் கால் வெறும் மண்ணில் படக்கூடாது. காற்றடித்தாலும் அந்தத் துணிமேல் கல் வைக்க மாட்டோம், சாமி நடக்கும் துணியில் கல்லா? என் புருஷன் உயிரைத் தூக்கிப் போக வானத்திலிருந்து வருகிறவர்கள் எனக்கு அன்றைக்கு சாமியை விடப் பெரியவர்கள். நான்தான் சொன்னேன், களத்தில் விரிப்போம் என்று. மேலேயிருந்து பார்த்தால் அடையாளமும் தெரியும், மரியாதையும் ஆச்சு. என் புத்திசாலித்தனத்தை ஊரே மெச்சியது.

தீபாவுக்கு அப்போது நாலாம் வகுப்பு. அப்பா பிழைக்கப் போகிறார் என்று அவள் குதித்துக்கொண்டு வீடு வீடாக ஓடினாள். "புதுசா குடுங்க, பழசு வாணாம்" என்று சொல்லிச் சொல்லி வாங்கி வந்தாள். வேட்டி, புடவை, பெட்டிக்குள்ளிருந்த சீர்த்துணி எல்லாம் வந்தது. களத்தின் நடுவில் என் அரக்கு நிறக் கல்யாணப் புடவை. அதன் ஓரத்தில் அவள் எல்லாருக்கும் முன்னால் நின்றாள். அவள் பின்னால் மொத்த ஊர்.

ஹெலிகாப்டர் வந்தது. சுற்றியது. தாழ்ந்தது. துணியெல்லாம் படபடவென்று எழும்பியது. என் கல்யாணப் புடவை தரையை விட்டு எங்கள் தலைக்கு மேலே போய்ப் பிரிந்து நின்றதைப் பார்த்து நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டோம், அம்மன் வந்து இறங்குகிறாள் என்று. அந்தக் கணம் அது சட்டென்று மூக்கைத் தூக்கி ஏறியது. ஓட்டுகிறவன் தலைக்கவசத்தோடு திரும்பி என்னைப் பார்த்தான். முகம் தெரிந்தது, வாய் ஏதோ சொன்னது. பிறகு மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சுற்றும் சத்தம் கேட்டது. நம் சரிவில் வேறு எங்கே சமதரை இருந்தது, பள்ளி மைதானம்கூடப் பின்னால் வெட்டியதுதானே? வெளிச்சம் மங்க மங்கச் சத்தமும் போய்விட்டது. நான் மண்ணை வாரி வானத்தைப் பார்த்துத் தூற்றினேன். நீ நாசமாய்ப் போவாய் என்றேன். அவனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள்.

பாறைக்குப் போய் உனக்குப் போன் பண்ணினேன். கத்தினேன். "வந்துட்டு போய்ட்டாங்கண்ணா! ஊர்ல இருக்கற புதுத்துணி அத்தினியும் களத்துல விரிச்சு வெச்சேன். என் கல்யாணப் பொடவைய விரிச்சேன். பாத்துட்டுத் திரும்பிப் போய்ட்டான்!" நீ பேசவே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து அலோ அலோ என்றேன். உன் மூச்சு கேட்டது. வெகுநேரம் கழித்து, "மேகம், பாப்பா" என்றாய். "மேகம் அடைச்சுக்கிச்சாம். எறங்க முடியலையாம்."

மேகமே இல்லை. மழை விட்டு வானம் வெளுத்துக் கிடந்தது, எதிர்மலையில் மேயும் ஆடு தெரிந்தது. மேகம் மறுநாள் காலையில்தான் வந்தது, கை நீட்டினால் கை தெரியாத அளவுக்கு. இனி காத்திருக்க முடியாது என்று டோலி கட்டி அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ஒடுகத்தூர் நெல்வயல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவர் போய்விட்டார். கடைசியாகத் தண்ணீர் கேட்டார். அதற்கு முன்னால், "மச்சான் வந்துட்டானா?" என்றார்.

அதனால்தான் பந்தலில் அப்படிப் பேசினேன். "மேகமாம்! நான் பைலட்டு மூஞ்சியப் பாத்தேன். போய்ச் சேர்றது எங்க வேலைன்னியே, எங்க போய்ச் சேந்தீங்க? ஒங்க ஆளு பயந்து ஓடிட்டான். அவன காப்பாத்த நீ பொய் சொல்ற. கூடப்பொறந்தவ தாலிய விட ஒனக்கு யூனிபாரம் பெருசு!" நீ இலை முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாய். "ஆமா பாப்பா, மேகந்தான்" என்றாய். பிறகு, "எறங்காம திரும்புறதுக்கும் தைரியம் வேணும்" என்று முனகினாய். நான் தண்ணீர்ச் செம்பை உன்மேல் எறிந்தேன். அதனால் உன் நெற்றியில் விழுந்த தழும்பு கடைசிவரை இருந்தது.

மூன்று வருஷம் உன்னோடு பேசவில்லை. நீ ஓய்வு பெற்று ஊரோடு வந்தபின் தீபாவுக்காகப் பேச ஆரம்பித்தேன். பின்னால் அவள் பள்ளிப் படிப்பை முடித்ததும் நர்ஸ் படிப்பில் சேர்க்க நீதான் கூட அலைந்தாய். சோறு போட்டேன், கூடவே குத்தலும் பரிமாறினேன். மழை வந்தாலே, "இன்னாண்ணா, மேகமா?" என்பேன். நீ ஒரு நாளாவது கோபித்துக்கொண்டிருக்கலாம்.

அப்புறம் உன் களப் பைத்தியம். விடிந்ததும் களத்துக்குப் போய்க் குறுக்கும் நெடுக்கும் குனிந்தபடியே நடப்பாய். ஆணி, பொத்தான், பாலிதீன், நூல் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிச் சட்டைப்பையில் போடுவாய். "எங்க ஓடுபாதைல தெனம் காலைல அதிகாரியிலேருந்து எல்லாரும் வரிசையா இப்டித்தான் நடந்து பொறுக்குவோம். ஆகாசம் பாதிதான் பாப்பா, மீதிப் பாதி தரை" என்று சொன்னாய். "ரிட்டயர் ஆனப்புறமும் கூட்டற வேலைதானா?" என்றேன். ஊரே சிரித்தது. களத்தைச் சுற்றிக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்தாய். எதற்கும் யாரோடும் சண்டைக்குப் போகாத நீ ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் எல்லாரிடமும் கெஞ்சினாய், களத்தில் துணி காயப் போடாதீர்கள் என்று.

அது தெரிந்து நான் வேண்டுமென்றே போட்டேன். வீட்டில் கொடி கட்டி இடம் இருந்தும் என் புடவைகளை அள்ளிக்கொண்டு போய்க் களத்தின் நடுவில் விரித்துவிட்டு வருவேன். என் புருஷனை எடுக்க வந்தவன் இறங்காத இடத்தில் என் புடவையாவது காயட்டும் என்று வீம்பு. சாயங்காலம் பார்த்தால் எல்லாம் மடிப்புக் கலையாமல் என் வாசலில் இருக்கும். விளிம்போடு விளிம்பு சேர்த்து, நீங்கள் பட்டாளத்தில் போர்வை மடிப்பீர்களே, அதுபோல. ஒரு வார்த்தை கேட்டதில்லை. எத்தனை தடவை அந்தப் புடவைகளை நீ பொறுக்கி எடுத்திருப்பாய். ஒவ்வொரு தடவையும் உனக்கு எப்படி இருந்திருக்கும்?

போன தை மாசம் வேலூர் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தாய். டாக்டர் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டார். அப்போதும் என்னால் வாயைக் கட்ட முடியவில்லை. குனிந்து உன் காதருகே கேட்டேன், "இப்பவாவது நெஜத்த சொல்லுண்ணா. எதுக்கு திரும்பிப் போச்சு?" நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். கண்ணில் தண்ணீர் நின்றது. சொல்லப் போகிறாய் என்றே நினைத்தேன். "மேகம்" என்றாய். "சாவற நேரத்துலயும் ஒங்க கம்பெனிக்குத்தான் விசுவாசம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேன். அதுதான் நான் உன்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

இனி இன்று நடந்ததைச் சொல்கிறேன்.

மழைக்கு முன்னால் மலைக் கிராமங்களில் பேரிடர் ஒத்திகை என்று எங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்தார்கள். காலையிலேயே ஜீப்பில் விமானப் படைக்காரர்கள் வந்துவிட்டார்கள். பேசியது ஒரு பெண். நம் தீபா வயசுதான் இருக்கும், திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், சீருடையில் விறைப்பாக நின்றாள். உன் சீருடையைத் திட்டியே பழகிய எனக்கு அந்தப் பிள்ளையைப் பார்த்ததும் சோறு போட வேண்டும்போல இருந்தது. சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு நானும் வந்து நின்றேன். ஸ்ட்ரெச்சர் தூக்கும் குழுவில் தீபா இருந்தாள், எங்கள் வட்டாரத்துக் கிராம செவிலியர் அவள்தானே. என் பக்கத்தில்தான் நின்றாள்.

அந்தப் பெண் சொன்னாள், "ஹெலிகாப்டர் எறங்குற எடத்த சுத்தமா காலி பண்ணிரணும்ங்க. ஓலை, பிளாஸ்டிக், கோழிக்கூடை எதுவும் இருக்கக் கூடாது. முக்கியமா துணி. கொடில காயுற துணியக்கூட எடுத்துருங்க." தலைமையாசிரியர் எதார்த்தமாகக் கேட்டார், துணியில் என்ன இருக்கிறது என்று. அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல, கையைச் சுழற்றிக் காட்டிச் சொன்னாள்.

"ஒரு பொடவ போதும் சார். காத்துல மேல எந்திரிச்சு விசிறில சுத்திக்கிச்சுன்னா மெஷின் அப்படியே கவுந்துரும். உள்ள இருக்கவங்களும் போச்சு, சுத்தி நிக்கிற ஜனங்களும் போச்சு. அதனால தரையில துணி பறக்குறதப் பாத்தா பைலட் எறங்கவே மாட்டாரு. எவ்வளவு அவசரம்னாலும் எறங்கக் கூடாது."

அண்ணா, எனக்கு முதலில் ஒன்றும் ஆகவில்லை. கேட்டேன், அவ்வளவுதான். சரி, பிள்ளைகளிடம் சொல்லி மைதானத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றுகூட நினைத்தேன். அப்புறம் என் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. அந்தப் பெண்ணின் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. கண்ணுக்கு முன்னால் என் அரக்குப் புடவை எழும்பி வானத்தில் விரிகிறது. நாங்கள் கும்பிடுகிறோம். எல்லாருக்கும் முன்னால் தீபா நிற்கிறாள். அவன் இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் முதலில் போயிருப்பது அவள். அவள் பின்னால் நான், மொத்த ஊர். அவன் திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னது என்னவாக இருக்கும்? எடு, எடு என்று கத்தியிருப்பான். பயந்து ஓடினான் என்று நான் சொன்னவன் எங்கள் எல்லாரையும் உயிரோடு விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

எடத்த. எடத்த காலியா வெய். அதுதானே, அண்ணா, லைன் போனதில் விட்டுப்போன மீதி?

நான் போனில் கத்தியபோது உன் மூச்சு மட்டும் கேட்டதே, அந்த நேரத்தில்தான் உனக்குப் புரிந்திருக்கிறது. உன் தங்கச்சி தன் கையால், தன் கல்யாணப் புடவையால், தன் புருஷனுக்கு வந்த வழியை அடைத்துவிட்டாள் என்று. அந்த ஹெலிகாப்டர் வெறுமனே திரும்பி வந்து இறங்கும்போது நீ அங்கேதான் நின்றிருப்பாய், அதைத் துடைத்துக் கட்டுகிறவன் நீதானே. அவர்கள் வந்து உன்னிடமே நேராகச் சொல்லியிருப்பார்கள். உனக்குக் கோபம் வந்திருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பந்தலில் தலைகுனிந்திருக்க வேண்டியவள் நான். நீ மேகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாய். நீ உயிராக நினைத்த படையை ஊர் காறித் துப்பியதைக் கேட்டுக்கொண்டாய். செம்பால் அடி வாங்கிக்கொண்டாய். சாகும்போதுகூட மாற்றிச் சொல்லவில்லை.

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு ஹெலிகாப்டர் வந்தது. பெருக்கி வைத்த வெறும் தரையில் எவ்வளவு சுலபமாக இறங்கியது தெரியுமா, அண்ணா? ஒரு மாடு வந்து படுப்பதுபோல. தீபாவும் மற்றவர்களும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு குனிந்து ஓடி, அடிபட்டவராக நடித்தவரை ஏற்றிவிட்டுத் திரும்பினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். இவ்வளவுதானா என்று வாய்விட்டு அழுதேன். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

தீபா திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பெண் சொன்னதை அவளும் கேட்டாள்தானே. என் பக்கத்தில் நின்றுதானே கேட்டாள். அதுவரை என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. துணி விரிக்கச் சொன்னது நான். வீடு வீடாக ஓடி வாங்கி வந்தது அவள்.

வழியெல்லாம் அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சோறு போட்டுக் கொடுத்தேன், தொடவில்லை. அவள் அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ம்மா. அன்னிக்கு நாந்தானே எல்லார் வூட்டுக்கும் போயி துணி வாங்கியாந்தேன்?"

"எந்த துணி?"

"களத்துல விரிச்சமே."

"அது கெடக்கு. அதுக்கு இன்னா இப்போ?"

"அந்தப் பொண்ணு சொன்னத நீ கேக்கலையா? துணி பறந்தா எறங்க மாட்டாங்களாம்." அவள் காலை மடக்கிக் கட்டிக்கொண்டாள். நர்ஸ் வேலை பார்க்கிற பிள்ளை, எத்தனை ரத்தம் பார்த்தவள். என் எதிரே உட்கார்ந்திருந்தவள் நாலாம் வகுப்புப் பிள்ளை. "அப்போ அப்பாவ நான்தானேம்மா..."

அண்ணா, அந்த நேரத்தில் உன் மூச்சு எனக்குக் கேட்டது. போனில் அன்று கேட்டதே, அதே மூச்சு.

"அட லூசு" என்றேன். "துணியாம், பொடவையாம். அன்னிக்கு மேகம்டி."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீதானேம்மா மேகமே இல்லன்னு சொல்லுவ? பைலட்டு மூஞ்சிய பாத்தேன்னு ஊரெல்லாம் சொன்னியே."

"நான் இன்னாத்த கண்டேன்! புருஷன் அடிபட்டுக் கெடக்கறான், எனக்கு கண்ணு தெரிஞ்சுதா, மண்ணு தெரிஞ்சுதா? ஆத்தரத்துல வாய்க்கு வந்தத சொன்னேன். மூஞ்சியும் பாக்கல, ஒண்ணும் பாக்கல. மேலால மேகம் அடைச்சுக்கினு இருந்துச்சு. எறங்க முடியாம போய்ட்டாங்க. பாவம், அவங்க இன்னா பண்ணுவாங்க?"

"நெஜமாவாம்மா?"

"மாமா எத்தினி வாட்டி சொல்லிச்சு? ஆஸ்பத்திரில சாவும்போதுகூட சொல்லிச்சே, நீயும் பக்கத்துலதானே நின்ன. ஒங்க மாமா என்னிக்காவது பொய் சொல்லியிருக்குதா?"

அவள் ரொம்ப நேரம் என் கண்ணைப் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. நம்பினாளா, நம்பியதாக எனக்குக் காட்டிக்கொண்டாளா, தெரியவில்லை. தட்டை இழுத்துச் சோற்றைப் பிசைந்தாள். ரெண்டு வாய் தின்றுவிட்டு, "கொழம்புல உப்பு இல்லம்மா" என்றாள். உள்ளே போய் உப்பு எடுத்து வரும் சாக்கில் அடுப்படியில் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அதில் உன் வாசனை அடித்தது.

நாளை காலையில் களத்துக்குப் போக வேண்டும். நீ போனபிறகு யாரும் பொறுக்கவில்லை, கண்டதும் கிடக்கிறது. ஊர் கேட்டால், ஒத்திகையில் சொன்னார்கள் என்று சொல்லிக்கொள்கிறேன். துணி காயப் போடுகிறவர்களோடு சண்டை போட நீ போதவில்லை, என் வாய் போதும். அன்றைக்கு ஓட்டி வந்தவன் யாரென்று தெரியவில்லை, நாசமாய்ப் போ என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதை நீ எப்படியாவது அவனிடம் சொல்லிவிடு.

மேகம்தான், அண்ணா. இனிமேல் யார் கேட்டாலும் நானும் அதைத்தான் சொல்வேன். அந்த ஒரு சொல்லை இன்று ஒரே ஒரு தடவை சொன்னதற்கே எனக்கு நெஞ்சு இப்படி வலிக்கிறது. இத்தனை வருஷம் நீ அதைச் சொல்லிவிட்டு எப்படி என் கையால் வாங்கிச் சாப்பிட்டாய்?

உன்
பாப்பா